தகர முயல்

இந்திரகுமார் வானொலிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் ஒரு கம்பியைச் செருகி, அதன் மறுமுனையைத் தன் பழைய கிற்றார் அம்பிளிஃபயரில் பூட்டிக்கொண்டிருந்தான். குசினி வாசலில் சந்திரவதனா வந்து நின்றாள். ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தவள், கை முழுக்க மா.

"றேடியோவிலை வாற சத்தம் காணாதோ? உந்தச் சவப்பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்து நடுவிலை வைக்கிறியள்."

"சின்ன ஸ்பீக்கரிலை அடிச்சத்தம் வராது. பேஸ் கேக்காது."

"எனக்குக் கேக்காட்டிப் பரவாயில்லை. இண்டைக்கு வாற டொக்டருக்குக் கேட்டால் காணும்."

அவன் சொன்னது சரிதான். உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் தடித்த ஒலியை எழுப்ப முடியாது. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு அகலமான காகிதக் கூம்பு வேண்டும். அம்பிளிஃபயரின் கூம்பு சோற்றுத் தட்டளவு அகலம். அதை எழுப்புவதற்கும் பொறுமை தேவை. மின் ஆளியைப் போட்டவுடன் பாடாது. உள்ளே வால்வுகள் விளக்குத்திரி போல் மெல்லச் சிவந்து சூடேற வேண்டும், பிறகுதான் ஒரு தாழ்ந்த இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் கேட்டால் பெட்டி விழித்துவிட்டது என்று பொருள். இந்திரகுமார் குந்தியிருந்து அது விழிக்கும்வரை காத்திருந்தான். கடந்த ஐந்து வருடங்களாக அது கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. மெல்பேர்னின் புறநகரான கிளேற்றனில் அவர்களுடைய பலகை வீட்டின் முன்னறையில், மாலை நான்கு மணிக்கு 'தகர முயல்கள்' என்ற ரொக் இசைக்குழுவின் பத்து வருட வரலாற்றை வானொலியில் கேட்பதற்குக் கதிரைகள் போடப்பட்டிருந்தன. அந்தக் குழுவின் பெயரை மெல்பேர்னில் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் குழுவில் தான் இருந்ததாக இந்திரகுமார் சொன்னதை நம்பியவர்களும் குறைவு. தைப்பொங்கலுக்கு வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில், தமிழ்ச் சங்கத் தலைவர் டொக்டர் சச்சிதானந்தன் அவனை மேடைக்கு அழைத்தபோது, "தம்பி வெள்ளையளோடை பப்பிலை வாசிச்சவர், இண்டைக்குச் சாமிக்கு முன்னாலை வாசிக்கப்போறார்" என்று சொல்ல, மண்டபம் சிரித்தது. அவன் தன் கிற்றாரில் தேவாரம் ஒன்றை வாசித்தான். இறங்கி வந்தபோது சந்திரவதனா, "ஒப்பாரி மாதிரிக் கிடந்தது" என்று மட்டும் சொன்னாள்.

அவள் பொய்யென்று ஒருநாளும் சொன்னதில்லை. எழுபத்திநான்கில், குளிர்காலத்தில், சாதகமும் படமும் பொருந்தி வந்திறங்கியவள். வந்த முதல் மாதத்தில் அந்த இசைத்தட்டின் உறையைக் காட்டினான். முன்னால் நான்கு வெள்ளைக்காரர்கள் ஒரு சுவரில் சாய்ந்து நின்றார்கள். பின்னால் பெயர்கள் இருந்தன. அவள் அவற்றை விரலால் தொட்டுத் தொட்டு மேலிருந்து கீழே வாசித்தாள், பிறகு கீழிருந்து மேலே. "உங்கடை பேர் எங்கை?" என்றாள். "அப்பிடித்தான் போடுவினம்" என்றான். அவள் உறையைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்தக் கேட்காமல் இருத்தல் வீட்டில் ஒரு சாமான் போல ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது. அவன் வாயால் சொல்லி அதை நகர்த்த முடியாது. வேறு யாராவது சொல்ல வேண்டும். வானொலி சொல்லப்போகிறது.

*

அவன் வாசிக்கும் கிற்றாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கிற்றாரை மார்போடு அணைத்துப் பிடித்து, இடக்கை விரல்களால் கம்பிகளைக் கழுத்தோடு அழுத்துவார்கள். கழுத்தின் குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். கட்டைக்குக் கட்டை சுரம் மாறும்; அது படிக்கட்டு. ஹவாயன் கிற்றார் அப்படியல்ல. அதை மடியில் வானம் பார்க்கப் படுக்கவைக்க வேண்டும். கழுத்தின் உச்சியில் ஓர் இரும்புத் துண்டை வைத்துக் கம்பிகளை உயர்த்திவிட்டால், அவை கட்டைகளைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இடக்கையில் விரல்தடிப்பு உருக்குக் கோல் ஒன்றைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கினால், சுரங்கள் படியேறாமல் சறுக்கிக்கொண்டு போகும். இரண்டு படிகளுக்கு நடுவில், கால் வைக்க இடமில்லாத இடத்தில் இருக்கும் சுரங்களையும் அந்தக் கோல் தொடும். ஆனால் மடியில் வைத்து வாசிப்பதென்றால் உட்கார வேண்டும். நின்றுகொண்டு முடியாது.

ஐம்பதுகளில் கொழும்பில் இந்தக் கிற்றாருக்கு ஒரு மவுசு இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்திருந்த இந்திரகுமாருக்கு, கீழ்வீட்டுப் பறங்கிக் கனவான் ஒருவர் ஞாயிறுகளில் சொல்லிக்கொடுத்தார். கடற்கரை, தென்னை, நிலா என்று தேன் வடியும் மெட்டுகள். அவற்றைத்தான் அவன் மெல்பேர்னுக்குக் கொண்டுவந்தான், தொலைபேசி இணைப்பகத்துக்கான பயிற்சியோடு சேர்த்து.

மிக் அதே இணைப்பகத்தில் கம்பி இழுப்பவனாக இருந்தான். துறைமுகத்துக்கு வரும் அமெரிக்கக் கப்பல்காரர்களிடம் கறுப்பின மக்களின் துயரப் பாடல்களான பழைய புளூஸ் இசைத்தட்டுகள் வாங்கிச் சேர்ப்பான். அறுபத்தெட்டில் ஒரு மதியம் அவன் வீட்டில் ஒரு தட்டை ஓடவிட்டு, அதில் அழுதுகொண்டு வழுக்கிய ஒரு சத்தத்தைக் காட்டி, ஆறு மாதமாக முயல்கிறேன், விரல் கிழிகிறது, இது வரமாட்டேன் என்கிறது என்றான். இந்திரகுமார் இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை கேட்கத் தேவையில்லை.

"இவன் விரலால் அழுத்தவில்லை. கம்பியின் மேல் எதையோ உரசுகிறான். கத்தியோ, போத்தல் கழுத்தோ" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அடுத்த நாள் தன் கிற்றாரைக் கொண்டுவந்து மடியில் கிடத்தி, அதே வரியை வாசித்துக் காட்டினான். மிக்கின் வாய் திறந்தபடி நின்றது. ஹவாய்த் தீவில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கம்பிமேல் இரும்பை உரசியதில் தொடங்கியது என்று சொல்லப்படும் இந்த வித்தை, கப்பலேறி ஒரு பக்கம் அமெரிக்காவுக்கும் இன்னொரு பக்கம் ஆசியத் துறைமுகங்களுக்கும் போயிருக்கலாம், மிசிசிப்பியில் பருத்தி பறித்த கறுப்பர்கள் அதைக் கேட்டிருக்கலாம், அல்லது தாங்களாகவே கண்டுபிடித்திருக்கலாம், அறிஞர்கள் இன்னும் சண்டைபிடிக்கிறார்கள் என்றெல்லாம் இந்திரகுமார் விளக்கினான். மிக் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அந்தக் கோலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புளூஸின் கட்டமைப்பை இந்திரகுமாருக்குக் கற்றுத்தந்தவன் மிக். அதில் விதிகள் குறைவு, சூட்சுமம் அதிகம். ஒரு முறைப்பாடு, ஒரு மனக்குறை. அதே முறைப்பாடு இன்னொரு தடவை. பிறகு ஒரு பதில். பன்னிரண்டு தாள அளவுகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் பாடுபவர் பாதி வழியில் நிறுத்திவிடுவார். மீதி வெற்றிடத்தைக் கிற்றார் நிரப்ப வேண்டும். மனிதன் சொல்லாமல் விட்டதைக் கம்பி சொல்லும். ரொக் இசை என்று பிறகு பெயர் பெற்றதெல்லாம் இதே பன்னிரண்டு அளவுதான்; வேகம் கூட்டி, சத்தம் கூட்டி, முறைப்பாட்டைக் கொஞ்சம் கொண்டாட்டமாக்கியது.

குழு தொடங்கியது. நாய்ப் பந்தயத்தில் நாய்களுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு பொம்மை முயல் ஓடும். தகரத்தில் செய்தது, மோட்டார் இழுப்பது. நாய்கள் அதை உயிர் என்று நம்பித் துரத்தும். எட்டிப் பிடித்த நாய் இல்லை. மிக்கின் தகப்பனுக்கு அந்தப் பந்தயப் பைத்தியம். அப்படித்தான் குழுவுக்குப் பெயர் வந்தது.

கொலிங்வுட்டில் ஒரு மூலைப் பப்பில் முதல் கச்சேரி. பப்காரன் இந்திரகுமாரையும் அவன் கதிரையையும் பார்த்து, "யாரப்பா இது, கறிவேப்பிலை விற்கிறவனா?" என்ற தோரணையில் மிக்கிடம் ஏதோ சொன்னான். மிக் ஒரு கணம் யோசித்தான். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, கப்பலிலிருந்து நேற்றுத்தான் இறங்கியவர், மிசிசிப்பியிலிருந்து வந்திருக்கும் கிளாரன்ஸ் என்று அறிவித்தான். பியரும் கூச்சலுமாக இருந்த கூட்டம் அடங்கியது. இலங்கைக்காரன் ஒருவன் மடியில் கிற்றாரைப் போட்டால் வேடிக்கை. மிசிசிப்பிக்காரன் போட்டால் வேதம். முதல் சுற்று முடிவதற்குள் முன்வரிசையில் ஒருவன் கண்ணைத் துடைத்தான். பப்காரன் தன் கையால் கிளாஸ் கொண்டுவந்து கொடுத்து, "சேர்" என்றான்.

அன்றிரவு குழுவின் வான் வண்டியில் திரும்பும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்திரகுமார்தான் அதிகம் சிரித்தான். ஆனால் அடுத்த கிழமையும் கிளாரன்ஸைத்தான் கேட்டார்கள். அதற்கடுத்த கிழமையும். ஒரேயொரு விதி இருந்தது: மேடையில் அவன் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் யாழ்ப்பாணத்து ஆங்கிலம் வெளியே வந்துவிடும். நான்கு வருடங்கள் அவன் மேடையில் ஒரு சொல் பேசவில்லை. கிற்றார் பேசியது. எழுபத்திரண்டில் வந்த இசைத்தட்டின் உறையிலும் 'வழுக்குக் கிற்றார்: கிளாரன்ஸ்' என்றே அச்சிட்டார்கள். அவன் ஆட்சேபிக்கவில்லை. சந்திரவதனா விரலால் தொட்டுத் தாண்டிப்போன பெயர் அது.

எழுபத்திமூன்றின் கடைசியில் தொலைக்காட்சி வாய்ப்பு வந்தது. புதிய முகாமையாளர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, எல்லோரும் குதிக்கிறார்கள், நடுவில் ஒருவன் பல்வைத்தியரிடம் வந்தவன் மாதிரிக் கதிரையில் இருக்கிறான், கமராவில் தலை மட்டும்தான் தெரிகிறது என்றார். நின்று வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது. மிக் அதற்குள் ஒரு மருந்துப் போத்தலின் கழுத்தைச் சுண்டுவிரலில் மாட்டி, நின்றபடியே அந்த வரிகளை வாசிக்கப் பழகியிருந்தான். அதே வரிகள். நான்கு வருடம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது. "கதிரைதான் பிரச்சினை, மேட், நீயில்லை" என்றான் மிக். இந்திரகுமார் கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

கிளாரன்ஸ் கதையை அவன் சந்திரவதனாவிடம் சொல்லவில்லை. இன்னொருவனாக நடித்துத்தான் கைதட்டல் வாங்கினேன் என்பதை எந்த வரியில் தொடங்குவது என்று தெரியவில்லை. முதல் மாதத்தில் சொல்லியிருக்கலாம். பிறகு அது பழசாகிவிட்டது.

*

வானொலியில் நிகழ்ச்சி தயாரிக்கும் ஹெலன் என்ற பெண், சென்ற மாதம் நாடாப்பதிவுக் கருவியோடு வந்து இதே முன்னறையில் ஒரு முழுப் பின்னேரம் இருந்தாள். குழுவின் புளூஸ் வேர்களைத் தேடுகிறேன், தொடக்ககாலத்தில் கூட இருந்தவர் நீங்கள் என்று குழுவின் வண்டியை ஓட்டிய பழைய சாரதி ஒருவர் சொன்னார் என்றாள்.

"கிளாரன்ஸைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நான்தான் கிளாரன்ஸ்" என்றான், குசினிக்குக் கேட்காத குரலில்.

அவள் சிரித்தாள், அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். மிக் வேறு விதமாகச் சொன்னாரே என்றாள். அவன் கிற்றாரை எடுத்து மடியில் கிடத்தி, இசைத்தட்டில் உள்ள அதே தொடக்கத்தை வாசித்தான். நாடா ஓடிக்கொண்டிருந்தது. அருமை, அருமை என்றாள். பிறகு அவன் இடக்கையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கிற்றார்காரர்களின் விரல் நுனி காய்த்துப்போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்; மிக்கின் விரல்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், செருப்புத் தோல் மாதிரி. இந்திரகுமாரின் விரல் நுனிகள் எழுதுவினைஞரின் விரல்கள் போல மெத்தென்று இருந்தன.

அவன் உற்சாகமாக விளக்கினான். இதில் விரல் கம்பியைத் தொடுவதேயில்லை, உருக்குக் கோல்தான் தொடுகிறது, ஆகவே காய்க்காது. காய்ப்பு இல்லாததுதான் அத்தாட்சி. உயர்த்தும் இரும்புத் துண்டைக் காட்டினான். படிக்கட்டையும் சறுக்கலையும் சொன்னான். ஹவாய், கொழும்பு, மிசிசிப்பி என்று மேசையில் தேநீர்க் கோப்பைகளை வைத்துக் கப்பல் பாதைகளைக் காட்டினான். அவள் அவ்வளவையும் பதிவுசெய்தாள். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை என்றாள். வாசலில் கைகுலுக்கிவிட்டுப் போனாள். அவள் நம்பிவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. குசினியிலிருந்து சந்திரவதனா, "பெட்டை வடிவாய்க் கேட்டுக்கொண்டிருந்தவள்" என்றாள். ஐந்து வருடங்களில் கிற்றாரைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

*

டொக்டர் சச்சிதானந்தனும் மனைவி நாகேஸ்வரியும் வந்தார்கள். பின்னால் பார்த்தசாரதி. மதராசிலிருந்து வந்து இரண்டு வருடமாகும் கணக்காளர், சங்கீதப் பித்தர், தனிக்கட்டை. நல்ல சாப்பாடு உள்ள வீட்டைப் பிழைவிடாமல் கண்டுபிடிப்பவர்.

"என்ன தம்பி, வீட்டை பப் ஆக்கிப்போட்டீர்?" டொக்டர் அம்பிளிஃபயரைத் தட்டிப் பார்த்தார். "பியர் மட்டும்தான் குறை."

"டொக்டருக்கு ரீ போடவோ?" என்றாள் சந்திரவதனா.

"போடும் பிள்ளை. புகழ்பெற்றவரின்ரை வீட்டு ரீ, வேண்டாமெண்டு சொல்லலாமே?"

"சும்மா இருங்கோப்பா" என்றாள் நாகேஸ்வரி. "அதுகள் ஆசையாய்க் கூப்பிட்டிருக்குதுகள்."

நான்கு மணிக்கு அறிவிப்பாளரின் குரல் அம்பிளிஃபயரின் வழியாக, பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது. பார்த்தசாரதி, "ஆஹா, என்னா கனம் சார்!" என்றார். இந்திரகுமார் சுவரில் சாய்த்துவைத்த கிற்றாருக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்திருந்தான். சந்திரவதனா குசினி வாசலில் நின்றாள். அவள் உட்காரவில்லை, ஆனால் ஏப்ரனைக் கழற்றிவிட்டு நின்றாள். அதை அவன் கவனித்தான்.

ஹெலனின் குரல் புளூஸின் கதையைச் சொன்னது. பருத்தி வயல்கள், ஆற்றங்கரை, இரயில்கள். பிறகு மிக் பேசினான். குரல் தடித்திருந்தது. பையனாக இருந்தபோது கப்பல்காரர்களிடம் தட்டு வாங்கியதைச் சொன்னான். பிறகு இசைத்தட்டின் அந்தத் தொடக்கம் ஒலித்தது. வழுக்கி ஏறி, உச்சிக்கு ஒரு மயிரிழை கீழே நின்று நடுங்கி, இறங்கியது. பார்த்தசாரதியின் தலை தானாக ஆடியது.

"இதுதான்" என்றான் இந்திரகுமார்.

"பொறும், சொல்லுவினம்" என்றார் டொக்டர்.

அடுத்து வந்தது அவனுடைய குரல். அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். இலங்கையைச் சேர்ந்த தொலைபேசித் தொழில்நுட்பவியலாளர், ஹவாயன் கிற்றாரில் ஆர்வம் கொண்ட திரு. குமார் நமக்கு விளக்குகிறார் என்று ஹெலன் சொல்ல, அவன் குரல் படிக்கட்டையும் சறுக்கலையும் விளக்கியது. நிறுத்தி நிதானமாக, ஒரு நல்ல வாத்தியாரைப் போல.

"அட, உண்மையாய் வந்திட்டுதே!" டொக்டர் கையைத் தட்டினார். "நல்லா விளங்கப்படுத்துறீர் ஐசே."

சந்திரவதனா புன்னகைத்தாள். அவள் அப்படி வாயைக் கையால் மறைக்காமல் புன்னகைத்து அவன் நீண்ட காலமாகக் கண்டதில்லை. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு மிக் மறுபடி பேசினான். அந்த வித்தையைத் தனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு முதிய கறுப்பு மாலுமி என்றான். மிசிசிப்பிக்காரர். பெயர் கிளாரன்ஸ். குடும்பப் பெயர் யாருக்கும் தெரியாது. போர்ட் மெல்பேர்னில் ஒரு பியர்ப் பெட்டியில் உட்கார்ந்து மடியில் கிற்றாரைக் கிடத்தி வாசிப்பார். ஒரு சொல் பேசமாட்டார். எவ்வளவு துக்கம் பார்த்தாரோ, நான்கு வருடமும் வாய் திறந்ததில்லை. எழுபத்திநான்கில் ஒரு வாடகை விடுதி அறையில் தனியாக இறந்துபோனார். மிக்கின் குரல் அங்கே கரகரத்தது. பொய் சொல்பவனின் குரலாக அது இல்லை. பலதடவை சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டவனின் குரல். எங்கள் பத்தாவது ஆண்டு இசைத்தட்டை அவர் நினைவுக்குச் சமர்ப்பிக்கிறோம், எங்கள் வேர் அவர்தான் என்றான்.

ஹெலன் சொன்னாள்: கிளாரன்ஸ் தனியாக வாசித்த பதிவு எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் அது எப்படி ஒலித்திருக்கும் என்பதை நமக்காகத் திரு. குமார் வாசித்துக் காட்டுகிறார்.

இந்த முன்னறையில் பதிவான சத்தம் இந்த முன்னறையில் ஒலித்தது. முடிவில், தூரத்தில், சந்திரவதனா குசினியில் ஒரு மூடியைத் தவறவிட்ட சத்தமும் மெல்லக் கேட்டது. அதை வெட்ட மறந்துவிட்டார்கள்.

"பாவம் அந்தக் கிழவன்" என்றாள் நாகேஸ்வரி. "ஒருதருமில்லாமல் செத்திருக்கு."

டொக்டர் தொண்டையைச் செருமினார். "அதுவும் நல்ல மரியாதைதான் தம்பி. நிபுணர் மாதிரி உம்மைப் போட்டிருக்கிறாங்கள். அவங்கள் வாசிச்சதை நீர் விளங்கப்படுத்தியிருக்கிறீர்."

பார்த்தசாரதி மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "ஒரு சந்தேகம் சார். அந்த ரெக்கார்டுல வாசிச்ச கையும், இப்ப சார் வாசிச்ச கையும் ஒண்ணாவே இருக்கே? மேல போய் நிக்கறப்போ அந்த நடுக்கம், அது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு வராது. வீணையில நான் நிறையக் கேட்டிருக்கேன். சத்தியமா ஒரே கை."

 அம்பிளிஃபயர் இரைந்தது. சந்திரவதனா வாசலை விட்டு அறைக்குள் வந்தாள்.

"ஆரப்பா அந்தக் கிளாரன்ஸ்?"

அவன் அவளைப் பார்த்தான். அலுமாரியில் இருந்த இசைத்தட்டின் உறையைப் பார்த்தான். அவளுடைய விரல் தாண்டிப்போன வரி அவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"நான்தான்."

"விளங்கேல்லை."

"மேடையிலை என்னை அப்பிடித்தான் சொல்லுறவங்கள். மிசிசிப்பிக்காரன் எண்டு. நானும் ஓமெண்டு வாசிச்சனான். கதைக்கக்கூடாது எண்டு சொன்னவங்கள், கதைக்கேல்லை."

டொக்டர் கோப்பையை மேசையில் வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. களவுபோனது என்ன என்பது அவருக்குப் படவில்லை, வேறொன்று பட்டிருந்தது.

"காப்பிலியெண்டு சொல்லிக்கொண்டோ?" என்றார் மெதுவாக, கறுப்பரை இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லை அழுத்தி. "நல்ல குடும்பத்துப் பிள்ளை... போயும் போயும் ஒரு காப்பிலியெண்டு சொல்லி, வெள்ளையளின்ரை பப்பிலை?"

"அவன்ரை பாட்டைத்தானே நாங்கள் எல்லாரும் களவெடுத்து வாசிச்சம் டொக்டர்" என்றான் இந்திரகுமார். "பேரையும் எடுத்தம். அவ்வளவுதான்."

வானொலியில் தகர முயல்களின் புதிய பாட்டுத் தொடங்கியது. மிக்கின் போத்தல் கழுத்து கம்பியில் ஏறியது. அதே வரி. உச்சிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்காமல், சரியாக உச்சியில் போய் நின்றது. பிழையே இல்லாமல்.

டொக்டர் எழுந்தார். வழக்கமாக அவர் ஒரு வீட்டை விட்டுப் போவதென்றால் அது தனி வைபவம். 'அப்ப போட்டு வாறம்' என்று கதிரையிலிருந்து ஒரு தடவை, கதவடியில் ஒரு தடவை, படலையில் ஒரு தடவை, காரின் கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை சொல்வார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு புதுக் கதை தொடங்கும். இன்று அவர் மனைவியைப் பார்த்துத் தலையை அசைத்தார். நாகேஸ்வரி சந்திரவதனாவின் கையை ஒருமுறை பிடித்து விட்டாள். ஒரு சொல்லும் சொல்லாமல் இருவரும் வெளியேறினார்கள். பார்த்தசாரதி, கையில் பாதி ரோல்ஸுடன் திகைத்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, மற்றவர்கள் சொல்லாததைப் பார்த்துத் தானும் சொல்லாமல் பின்னால் போனார். கார்க் கதவுகள் மூடின.

சந்திரவதனா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். போனவர்கள் ஏன் வாறம் என்று சொல்லவில்லை என்பது அவளுக்கு விளங்கியிருந்தது. எந்த வீட்டிலிருந்து அப்படிச் சொல்லாமல் போவார்கள் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"எப்ப செத்ததாம்?" என்றாள், திரும்பாமல்.

"எழுபத்திநாலிலை எண்டாங்கள்."

"அப்ப நான் வந்திறங்கினது செத்தவீட்டுக்கு."

அவள் குரலில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. இரண்டு படிகளுக்கு நடுவில் எங்கோ இருந்தது. அவன் ஆளியை அணைத்தான். பெட்டி உடனே சாகவில்லை. உள்ளே தேங்கியிருந்த மின்சாரம் வடியும்வரை பாட்டு தேய்ந்து, கலங்கி, ஓர் அடித்தொண்டை முனகலாகிப் பிறகு நின்றது.

அவள் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.

"தலையிலை தோய்ஞ்சிட்டு வாங்கோ" என்றாள், செத்தவீட்டால் வந்தவருக்குச் சொல்வது போல. "சாப்பிடுவம்."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு போனான். குளியலறையில் தலைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றான். சூடான நீர் நெற்றியிலும் தோளிலும் விழுந்தது. இடக்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நீரில் ஊறி விரல் நுனிகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. வெள்ளையாக, மெத்தென்று, ஒரு தழும்பும் இல்லாமல்.

சுவருக்கு அப்பால் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கிற்றாரின் ஒரு கம்பி அதிர்ந்தது. அந்தக் கம்பிகள் உயர்ந்து நிற்பவை; எதன்மேலும் படாதவை; தொட்டால் நெடுநேரம் அதிரும். தூக்கிவைக்கும்போது கை பட்டிருக்கலாம். வேண்டுமென்றே தட்டியிருக்கலாம். அவன் நீரை நிறுத்திவிட்டு, ஈரத்தோடு, அசையாமல் நின்று கேட்டான். ஒலி நீண்டுகொண்டே போய், முடிவதற்கு முன், யாரோ உள்ளங்கையை வைத்து அமர்த்தியது போல நின்றது.